பாசி வகுப்பில் இடமில்லை

எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடப் பதிவு திறக்கும் காலையில் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. முந்தின நாள் வரை ஒரே குடைக்குள் நடந்து வந்தவர்கள்கூட அன்றைக்கு ஆளுக்கொரு மூலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, மணி பத்தாவதற்காகப் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நூலகப் படிக்கட்டுகளில்தான் இணையம் வேகமாக வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தப் படிக்கட்டில் உட்கார இடம் பிடிப்பதற்கே தனியாக ஒரு பதிவு வைக்கலாம்.

இந்த விஷயத்தில் நான் கைதேர்ந்தவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். எந்தப் பாடம் எத்தனை நிமிடத்தில் நிரம்பும், எந்தப் பேராசிரியர் வருகையைக் கண்டுகொள்ள மாட்டார், எந்த வகுப்பறைக்குப் பக்கத்தில் நல்ல காபி கிடைக்கும், எல்லாம் எனக்கு விரல் நுனியில். படிப்பது வணிகவியல். ஆனால் வகுப்பில் கற்றதைவிடப் பதிவில் கற்றதுதான் அதிகம். அந்தப் பருவத்தில் 'திரைப்பட ரசனை' பாடத்தில் இடம் பிடித்திருந்தேன். இருட்டு அரங்கில் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்த்தால் மதிப்பெண் போடுவார்கள். பல்கலைக்கழகமே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் பாடம் அது. பல பருவங்கள் முயன்று கோட்டை விட்ட பிறகு கிடைத்தது. கிடைத்த அன்று நான் போட்ட ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

அண்ணிக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது. என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே தாவரவியலில் சேர்ந்தவர் அவர். கல்யாணம் வந்தது, படிப்பு நின்றது. மறுபடி தொடங்கினார், இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள், மறுபடி நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், காலையில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு என்று பருவத்துக்கு ஒரு பாடமாக முடித்துக்கொண்டு வந்தார். நான் முதலாண்டில் சேர்ந்தபோது அவர் எனக்கு மூத்த மாணவி. நான் கடைசி ஆண்டுக்கு வந்தபோதும் அவர் மாணவிதான். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் முதல் கேள்வியே "இன்னுமா படிக்கிற?" என்பதுதான். அண்ணி சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. நாலு வார்த்தை திருப்பிக் கேட்டால்தான் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. இந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் புது ஞானம் பிறந்தது. ஆண்டுக்கு இரண்டு நீண்ட பருவங்கள் என்று இருந்ததை, அடுத்த ஆண்டிலிருந்து மூன்று குட்டிப் பருவங்களாக உடைக்கப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டால், உலகமே அப்படித்தான் செய்கிறது என்றார்கள். மற்றவர்களுக்கு இதில் பெரிய நட்டமில்லை. ஆனால் பழைய கணக்கில் படித்து இன்னும் முடிக்காதவர்களுடைய பாடங்களைப் புதுக் கணக்கில் மறுபடி எடை போடுவார்களாம். மிகப் பழையவை காலாவதியாகிவிடும். அண்ணி கல்யாணத்துக்கு முன்பு தேறியவை எல்லாம் அந்த ரகம். இந்தப் பருவத்தில் முடித்தால் பட்டம். முடிக்காவிட்டால் முதலாண்டுப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டும்.

இந்தச் செய்தி வந்த அன்றைக்கு அண்ணி சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான், வாலு, பாக்கி. அதையும் கையில இருந்து பிடுங்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு," என்றார். வாலு என்பது நான்தான். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பருவத்தில் அண்ணிக்குப் பொருந்தும்படி நடக்கவிருந்தது ஒரே பாடம்: 'பாசிகளும் அவற்றின் வாழ்விடமும்'. ஒரு பாடம் நடக்க வேண்டுமானால் முதல் வார வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குறைந்தது பத்து பேராவது அதில் இருக்க வேண்டும். ஒன்பது என்றால் ரத்து. பாசிப் பாடத்தில் அண்ணியையும் சேர்த்து நாலே பேர்தான் இருந்தார்கள்.

பாடம் எடுப்பவரை எல்லோரும் பாசி சார் என்றுதான் சொல்வார்கள். அண்ணி அவரைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். அருமையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியில் இருந்த புத்தகங்களைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். அவர் மேசை மேல் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத மழைக்கோட்டு ஒன்று மடித்துக் கிடந்தது. பாடம் ரத்தானால் அந்தப் பருவம் முழுக்க அவருக்கு வகுப்பு கிடையாது, மலைப்பக்கம் போய்ப் பாசி ஆராய்ச்சி செய்யலாம். அவர் அதை மறைக்கவில்லை. மலையில் எந்தெந்தப் பாறையில் என்னென்ன பாசி இருக்கும் என்று கண்கள் பளபளக்கச் சொன்னார்.

அண்ணி தன் நிலைமையைச் சொன்னார். சார் நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆள் வராவிட்டால் தன்னால் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார். ஆள் வராமல் இருக்க அவர் என்னென்ன செய்திருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் பாட விவரத்தை வரி விடாமல் படித்தவள் நான். வகுப்பு வளாகத்தின் கடைக்கோடிக் கட்டடத்தில், லிஃப்ட் ஓடாத மேல்மாடியில். அறையில் பதினாறு நாற்காலிதான். மனப்பாடம் செய்ய வேண்டிய இலத்தீன் பெயர்களை மட்டும் பக்கம் பக்கமாக அச்சடித்திருந்தார். வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். கள்ளத்தனத்தில் எனக்கு அண்ணன் முறை என்று அங்கேயே தெரிந்துகொண்டேன். மரியாதைகூட வந்தது.

வெளியே வந்ததும் தந்தியைத் தேடினேன். தந்தி என் தோழி. விடுதியில் ஓர் அறையில் தும்மினால், பக்கத்து அறைக்குக் கேட்பதற்கு முன் வளாகத்தின் அந்தக் கோடிக்குச் செய்தி போக வைப்பாள், அதனால் அந்தப் பெயர். இன்னும் ஆறு பேரையாவது சேர்க்க வேண்டும், பாடத்தைப் புகழ்ந்து பேசிச் சேர்க்கலாமா என்று கேட்டேன். என்னை அவள் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம்.

"நல்ல பேப்பர்னு சொன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க. சீட் இல்லன்னு சொல்லு, ஊரே வரும்."

எங்கள் வளாகத்தில் இடம் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. ஒருவர் எடுக்கக்கூடியது ஆறு பாடம். ஆனால் அந்த முதல் வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை ஏழாவதாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். பெரும்பாலோர் அந்த ஏழாவதைத் தோழிக்காகவோ தம்பிக்காகவோ பிடித்து வைப்பார்கள். இப்படிச் சும்மா கிடந்த ஏழாவது இடங்களைத்தான் தந்தி விடுதியில் அறை அறையாகப் போய்ச் சேகரித்தாள். ஐந்து மணிக்குத் தலை எண்ணி முடித்த பிறகு மேலும் ஒரு வாரம் தாராளமாக விலகிக்கொள்ளலாம், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லிச் சொல்லித் தன்னையும் சேர்த்துப் பதினொரு பேரைப் பிடித்தாள். பன்னிரண்டாவது நான். நாலும் பன்னிரண்டும் பதினாறு. சார் ஆள் வராமல் இருக்கச் சின்ன அறையாகப் பார்த்துப் பிடித்திருந்தார், அதனாலேயே அறை சட்டென்று நிரம்பிவிட்டது. இணையதளத்தில் பாசிப் பாடத்துக்கு எதிரே சிவப்பு எழுத்தில் 'இடமில்லை' என்று விழுந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் உணவகத்தில் வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாத ஒருவன் என்னிடமே வந்து ரகசியம் சொன்னான். பாசிப் பாடத்தில் தேர்வே கிடையாதாம், கடைசியில் ஒரு பாசிப் படம் வரைந்து கொடுத்தால் முழு மதிப்பெண்ணாம். இந்தப் புரளியை நாங்கள் கிளப்பவில்லை. தந்திமேல் சந்தேகப்பட்டுக் கேட்டேன். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், ஆனால் என் தலையில். காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பொறியியல்காரர்கள் வந்தார்கள், சட்டம் படிப்பவர்கள் வந்தார்கள், பாசியைச் சுரண்டிக் கழுவ மட்டுமே தெரிந்தவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள்.

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. தான் விரும்பிய பாடத்தை உலகமே விரும்புகிறது என்று குழந்தைபோல நம்பினார். இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் பாசியைப் பற்றிப் பேசினார், அண்ணனும் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினான். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

பாசி சார் சும்மா இருப்பாரா? வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை ஓர் அறிவிப்பு வந்தது. புதன் மதியம் இருந்த பாசிப் பாடம் வெள்ளி காலை எட்டு மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. நேரம் மாறியதால் பழைய பதிவுகள் அத்தனையும் விதிப்படி நீக்கப்பட்டன. விரும்புவோர் திங்கள் காலை பத்து மணிக்கு மறுபடி பதியலாம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் காவலாளியே கண் திறந்திருக்க மாட்டார். மனிதர் கணக்குப் போட்டு அடித்திருந்தார்.

ஆனால் கூட்டத்தின் புத்தி அவருக்குத் தெரியவில்லை. எட்டு மணி வைத்துக் கூட்டத்தைக் கழிக்கப் பார்க்கிறார் என்றால் உள்ளே ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக் காலைக்குப் பண்ணையில் விடுப்புச் சொல்லிவிட்டார் அண்ணி, ஆனால் திங்கள் காலை அவருக்கு அங்கே வேலை. கையெல்லாம் மண்ணாக இருக்கும், கைபேசியைத் தொட முடியாது. கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்து, நீயே பதிந்துவிடு, இதில் உன்னைவிடக் கெட்டிக்காரி யார் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நூலகப் படிக்கட்டில் இடம் பிடித்தேன். தந்தியையும் மற்ற பத்துப் பேரையும் ஒரே அழைப்பில் வரிசையாகப் பிடித்து வைத்தேன். பத்து மணி அடித்ததும் படைத்தளபதி மாதிரி ஆணை கொடுத்தேன், போடுங்கள், போடுங்கள் என்று. எல்லோரும் போட்டார்கள். நானும் பழக்கதோஷத்தில் முதலில் என் பெயரிலேயே போட்டேன். எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, என் கணக்கிலிருந்து வெளியே வந்து, அண்ணியின் கணக்கில் நுழைந்தேன். நீ மனிதப் பிறவிதானா என்று நிரூபிக்கச் சொல்லி இணையதளம் ஏதோ படங்களைக் காட்டியது. நிரூபித்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், சிவப்பு எழுத்து.

இடமில்லை.

யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் இடம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அண்ணியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் வால்பக்கம் எங்கேயோ தொங்கியது.

பதறிப்போய்ப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த எழுத்தர் அக்கா மூக்கில் இறங்கிய கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் இடத்தை அண்ணிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் ஒருவர் விட்டால் இன்னொருவர் அதே நொடியில் பிடித்துக்கொள்ளலாம். இப்போது அப்படியில்லை. யார் விட்டாலும் அந்த இடம் காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குத்தான் போகும்.

"உங்க அண்ணிக்கு முன்னாடி ஒரு பஸ் நிறைய ஆள் இருக்கு," என்றார். "ஒரே வழிதான். முதல் கிளாஸுக்கு நேர்ல போகச் சொல்லுங்க. வராதவங்க பேரை எடுத்துட்டு, வந்து நிக்கிறவங்களுக்கு வரிசைப்படி குடுப்பாரு."

அன்று மாலை அண்ணியிடம் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. கூட்டம் அதிகம், கொஞ்சம் பிந்திவிட்டது, பட்டியலில் இருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை நேரில் போனால் கிடைத்துவிடும் என்று மட்டும் சொன்னேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா யாரும் திரும்பிப் பாக்காத பேப்பர் அது. இப்ப மட்டும் எங்கிருந்து வந்தாங்க இத்தன பேரு?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டார். நான் கழுவிய டம்ளர்களைத் துடைத்து அடுக்கினேன். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே தூறல். கடைக்கோடிக் கட்டடத்தின் மேல்மாடிக்கு மூச்சு வாங்க ஏறிப் போனால், அறையும் நடையும் படிக்கட்டும் நிறைய ஜனம். எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். அண்ணி நடையின் கடைசியில் சுவரோடு ஒட்டி நின்றார். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார், சொந்தமாக வாங்கியது. நான் அண்ணி கண்ணில் படாமல் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பாசி சார் வந்தார். புது மழைக்கோட்டுப் போட்டிருந்தார். விலைச்சீட்டு இன்னும் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வகுப்பு இங்கே இல்லை, கீழே பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்றார். பிறகு, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்தவர்போல, இன்னொன்றையும் சொன்னார். வெளியே போய் நடத்தினால் அது களப்பணி. களப்பணிப் பாடத்தில் ஒருமுறை வருகை பதிந்துவிட்டால் அதற்குப் பிறகு விலக முடியாது. பருவம் முடியும்வரை இருந்தே ஆக வேண்டும்.

"வருகையைக் கடைசியிலதான் எடுப்பேன். அவசரம் இல்ல, யோசிச்சிக்குங்க," என்று அன்பொழுகச் சொன்னார்.

ஒரு வாரம் தாராளமாக விலகலாம் என்று சொல்லித்தானே நாங்கள் ஆள் பிடித்திருந்தோம்? தந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தொட்டிக்குப் போகும் வழியில் எங்கள் படை முழுவதும் ஒவ்வொருவராகக் காணாமல் போனது. தந்திதான் முதலில் பறந்தாள். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. அவர்கள் போனால் இடம் காலியாகும், கூட்டம் கலையும், அண்ணிக்கு வழி பிறக்கும். அண்ணிக்குக் கிடைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு நானும் நழுவிவிடலாம் என்று தொட்டிக்கு எதிரே இருந்த கொட்டகைத் தாழ்வாரத்தில், மழை படாமல், தூணோடு தூணாக நின்றுகொண்டேன். பன்னிரண்டு மணிக்கு எனக்குத் திரைப்பட ரசனையின் முதல் வகுப்பு இருந்தது.

தொட்டிக்கு அடியில் மண் கொழகொழவென்று இருந்தது. பாசி சார் மழைக்கோட்டோடு அதில் குப்புறப் படுத்தார். எல்லோரையும் அப்படியே படுக்கச் சொன்னார். பாசியை நின்று பார்ப்பது அதை அவமதிப்பது என்றார். முனகிக்கொண்டே படுத்தார்கள். தூறல் முதுகில் விழ, முன்னால் பச்சைச் சுவர், காதில் இலத்தீன். சட்டம் படிப்பவனுக்கு முதலில் அவசர அழைப்பு வந்தது. அவன் கைபேசி அணைந்து கிடந்ததை நான் பார்த்தேன். பொறியியல் பெண்ணுக்கு வயிற்று வலி. இருவருக்கு ஒரே பாட்டி சீரியஸ். சட்டைக்குள் எறும்பு போன ஒருவன் காரணம் சொல்லாமலே ஓடினான். ஒவ்வொருவர் எழுந்து போகும்போதும் சார் படுத்தபடியே கையசைத்து வழியனுப்பினார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இன்னொருவரும் சந்தோஷமாக இருந்தார். அண்ணி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, மூக்கு சுவரில் உரச, பூதக்கண்ணாடி வழியாக அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார். கன்னத்தில் சேறு. வீட்டில் நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் எதுவும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் இத்தனை வருடம் விடாமல் வந்தாரா என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு வழியாக சார் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அண்ணியோடு சேர்த்து ஒன்பது பேர்.

அவர் முகத்தில் முதலில் மலை தெரிந்தது. பிறகு அண்ணியைப் பார்த்ததும் அது கொஞ்சம் மங்கியது. "மன்னிக்கணும்மா," என்றார். "இடம் இருக்கு. ஆள்தான் ஒண்ணு குறையுது."

அண்ணி எழுந்து நின்றார். பூதக்கண்ணாடியைத் துடைத்தார். சார் முறைக்காகப் பதிவான பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அடித்துக்கொண்டே வந்தார். அப்போது என் பெயரைப் படித்தார்.

அண்ணி திரும்பினார். தாழ்வாரத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"உன் பேரு எப்படி இதுல வந்துச்சு?"

பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. விடுதி, தந்தி, ஏழாவது இடம், பத்து மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தூறல் நின்றிருந்தது. மற்ற எட்டுப் பேரும் சேற்றோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாசி சார்கூட வாய் பிளந்து கேட்டார். தன்னை மிஞ்சிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்த நேரம் அது.

"அப்ப என் இடத்துல நின்னுட்டிருந்தது நீதானா?" என்றார் அண்ணி. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். நடக்கத் தொடங்கினார்.

நான் உடனே நல்லவளாகிவிடவில்லை. திரைப்பட ரசனையை நினைத்தேன். இருட்டு அரங்கை, மெத்தை வைத்த இருக்கையை, அதற்காகப் பட்ட பாட்டையெல்லாம் நினைத்தேன். மற்ற ஐந்தும் கட்டாயப் பாடம், அவற்றை விட முடியாது. இதில் மாட்டினால் அது போய்விடும், சந்தேகமே இல்லை. அண்ணி அதற்குள் தொட்டியின் மூலையைத் தாண்டிவிட்டார்.

"உள்ளேன் சார்," என்றேன்.

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஒரு சொட்டு நனையாமல் நின்றிருந்தேன். "நீ வேடிக்கை பாக்க வந்தவம்மா. படுத்துப் பாத்தவங்களுக்குத்தான் இங்க வருகை."

"மணி இன்னும் அடிக்கல சார். இப்ப படுக்கறேன்."

"படுத்தா அப்புறம் விட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

தாழ்வாரத்தை விட்டு இறங்கி, அந்தச் சேற்றில் குப்புற விழுந்தேன். முதல் வகுப்புக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டை. முழங்கையில் தொடங்கி அடிவயிறு வரை சில்லென்று இறங்கியது. சார் கடைசி நம்பிக்கையாகத் தன் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது சொல் என்றார். கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தேன். பச்சையாக, பளபளவென்று, பெரிதாக ஒன்று தெரிந்தது. ரொம்ப அழகாக இருக்கிறது சார், நான் இதுவரை இந்த மாதிரிப் பாசியைப் பார்த்ததே இல்லை என்று மனம் உருகிச் சொன்னேன்.

"அது பாசி இல்ல. தொட்டிக்கு அடிச்ச பெயிண்ட்."

குரல் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அண்ணி திரும்பி வந்திருந்தார். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் மறுபடி படுத்தார். தலைக்கு மேலே பாசி சார் பெருமூச்சு விட்டதும், பேனா காகிதத்தில் கீறியதும் கேட்டது. பத்து.

"உன்மேல கோபம் இன்னும் போகல," என்றார் அண்ணி. பிறகு சேற்றுக் கையால் என் தலையைப் பிடித்து இந்தப் பக்கமாகத் திருப்பினார். "இதோ, இதுதான். நல்லாப் பாத்துக்க. பரீட்சைக்கு வரும்."